இலையை வைத்துக்கொண்டோம், எட்டுப் பார்வையை விட்டுவிட்டோம்



நமது லயத்துத் திண்ணைகளில் பல வருஷமாக ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. பச்சிலை பெரிதா, ஆஸ்பத்திரி மருந்து பெரிதா என்பதுதான் அந்த வழக்கு. பெரியவர்கள் ஒரு பக்கம், படித்த பிள்ளைகள் மறு பக்கம். தோட்டத்து டிரஸர் என்ற முறையில் என்னை மாத்திரைக் கட்சி என்றே எல்லாரும் எழுதி வைத்திருக்கிறார்கள். உண்மைதான், ஒரு காலத்தில் நான் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். அதனால் ஒரு குடும்பத்துக்கு என்ன ஆனது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் என் கருத்தைச் சொல்கிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்த ஆரம்ப வருஷங்களில், செம்பனைக் குலை வெட்டும் அண்ணன் ஒருவர் தோள் வலி என்று வந்தார். தோளில் ஏதோ இலையை அரைத்துப் பச்சைப் பசேல் என்று பூசியிருந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இந்தத் தழையெல்லாம் பூசிக்கிட்டு என்கிட்ட வராதீங்க. ஒண்ணு அது, இல்லாட்டி இது" என்று நாலு பேர் முன்னால் ஏசி அனுப்பினேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மூன்று வருஷம் கழித்து ஒரு மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. கண் மஞ்சளானது. காமாலை என்று வீட்டில் கீழாநெல்லி அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தார்கள். ஐந்து நாள் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி அவர் வீட்டிலிருந்து முந்நூறு அடி தூரம்கூட இல்லை. "போனா டிரஸர் ஏசுவாரு" என்றாராம். ஆறாம் நாள் மூத்திரம் நின்றுபோய், மூச்சு வாங்கி, சிரம்பானுக்குக் கொண்டுபோனோம். அது எலிக்காய்ச்சல். கெஞ்சிங் திக்குஸ் என்று நாம் பேசிக்கொள்கிறோமே, அதேதான். எட்டாம் நாள் அவர் போய்விட்டார்.

துக்கத்துக்குப் போனபோது அவர் சம்சாரம் என்னைப் பார்த்துச் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது. "அவருக்கு நாலு நாளாக் கண்ணு ரத்தமாச் செவந்து கெடந்துச்சுங்க. கெண்டக்காலப் புடிச்சிக்கிட்டே அழுதாரு. கொலை தூக்குன வலின்னு நெனச்சிட்டோம்."

தோழர்களே, சிவந்த கண், கெண்டைக்கால் வலி, காய்ச்சல், இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் எலிக்காய்ச்சலை நினைக்க வேண்டும் என்பது எங்கள் பாடத்தில் உள்ளது. ஆரம்பத்திலேயே வந்தால் டாக்சிசைக்ளின், பென்சிலின் போன்ற மருந்துகள் இருக்கின்றன. அவருடைய உடம்பு எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லியிருக்கிறது. கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டிய நான், முந்நூறு அடி தூரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவரை வரவிடாமல் செய்தது என் வாய்.

எட்டு வகைப் பார்வை

அதற்குப் பிறகுதான் நம்முடைய பழைய வைத்தியத்தைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். படித்தபோது ஒரு விஷயம் என்னைத் திகைக்க வைத்தது. சித்த வைத்தியர்கள் எடுத்த எடுப்பில் இலையைப் பறிக்க ஓடவில்லை. முதலில் ஆளைப் பார்த்தார்கள். எண்வகைத் தேர்வு என்று அதற்குப் பெயர். நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எட்டு. மூத்திரத்தில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு அது பரவுவதைப் பார்க்கும் நெய்க்குறிகூட இருந்தது. அந்த எண்ணெய்ச் சொட்டை வைத்து நோயைக் கண்டுபிடிக்கலாம் என்று நான் சொல்லவரவில்லை. மருந்துக்கு முன்னால் உடம்பைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும் என்ற அந்த ஒழுங்கைத்தான் சொல்கிறேன். திருக்குறளில் மருந்து என்று ஒரு அதிகாரமே இருக்கிறது. அதில் தேடினால் ஒரு மூலிகையின் பெயரும் கிடைக்காது. சாப்பாட்டு அளவு, பசி, செரிமானம் பற்றித்தான் அதிகம் இருக்கிறது.

நம் பாட்டன் பாட்டி கப்பலேறி வந்தபோது இந்த அறிவையும் கொஞ்சம் முடிந்துகொண்டு வந்தார்கள். ஆனால் மூன்று தலைமுறையில் என்ன ஆயிற்று? இலையின் பெயர் மட்டும் மிஞ்சியது. பார்க்கும் பழக்கம் போய்விட்டது. காமாலையா, கீழாநெல்லி. சர்க்கரையா, பாகற்காய். டெங்கியா, பப்பாளி இலை. நோயின் பெயரைச் சொன்னால் இலையின் பெயர் வருகிறது. எந்தக் காமாலை, எத்தனை நாள், மூத்திரம் போகிறதா என்று கேட்பார் இல்லை.

ஆகவே அந்த எட்டையும் நமது தோட்டத்து வாழ்க்கைக்கு ஏற்றபடி திரும்பவும் வீட்டுக்குள் கொண்டுவாருங்கள் என்று கேட்கிறேன். காசு செலவில்லை. வீட்டில் ஒருவர் இருந்தால் போதும்.

நாடி: சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு நிமிஷத்துக்கு 60 முதல் 100 வரை துடிப்பு இருக்கும். ஓய்வில் இருந்தும் நூறுக்கு மேல் ஓடிக்கொண்டே இருந்தால், அல்லது தாறுமாறாகத் துள்ளினால், காட்ட வேண்டும்.

ஸ்பரிசம்: தொட்டுப் பார்ப்பது. காய்ச்சல் இறங்கிய ஆளின் கை கால் ஜில்லென்று ஆகி, ஆள் சோர்ந்து கிடந்தால் அது சுகம் இல்லை, ஆபத்து. டெங்கியில் காய்ச்சல் விட்ட பிறகுதான் பலருக்கு மோசமாகிறது. இனிப்பு நீர் உள்ளவர்கள் தினமும் பாதத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். உணர்ச்சி குறைந்திருந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள்.

நா: நாக்கு காய்ந்து ஒட்டினால் உடம்பில் தண்ணீர் இல்லை. வெளுத்திருந்தால் ரத்தம் குறைவாக இருக்கலாம். நம் பெண்களுக்கு இது சகஜம் என்று விட்டுவிடுகிறோம். சகஜமாக இருப்பதெல்லாம் சரியாக இருப்பது ஆகாது.

நிறம்: தோல் மஞ்சள், உதடு நீலம், முகம் வெளிறல், இந்த மூன்றில் எது வந்தாலும் அன்றைக்கே வர வேண்டும்.

மொழி: பேச்சு குழறினாலோ, வாய் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தாலோ, காற்று அடித்துவிட்டது என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள். அது பக்கவாதம். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். தோட்டத்திலிருந்து தார் ரோட்டுக்கு வரவே அரை மணி ஆகிவிடுகிறதே! உடனே 999.

விழி: மஞ்சளைப் பற்றிச் சொன்னேன். சிவப்பைப் பற்றி அந்த அம்மா சொன்னார்.

மலம்: தார் மாதிரிக் கறுத்துப் போனால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் கறுக்கும், ஆனாலும் கேட்டுவிடுங்கள்.

மூத்திரம்: வேலை முடிந்து வந்ததும் கெட்டியாகத் தேநீர் நிறத்தில் போனால் தண்ணீர் பற்றவில்லை. தண்ணீர் குடித்தும் நிறம் மாறாவிட்டால், குறைந்துபோனால், நின்றுபோனால், ஒரு நாளும் பொறுக்காதீர்கள். மூத்திரத்தில் எறும்பு மொய்த்தால் சர்க்கரை என்று அந்தக் காலத்திலேயே கண்டவர்கள் நம்மவர்கள்தான்.

இலைக்குச் சக்தி உண்டு, அதனால்தான் பயம்

இலையில் ஒன்றும் இல்லை என்று சொல்கிறவர்களுக்கு என் பதில் வேறு. நித்தியகல்யாணிச் செடி நம் லயத்து வாசல்களில் ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்கிறது. சுடுகாட்டுப் பூ என்றும் சிலர் சொல்வார்கள். இனிப்பு நீருக்கு நல்லது என்று அதன் இலையையும் பூவையும் கஷாயம் வைத்துக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஜமைக்காத் தீவிலும் இதே நம்பிக்கை இருந்தது. 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்ல்ஸ் பீர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அந்த இலைச் சாற்றைச் சோதித்தார்கள். எலிக்குக் கொடுத்தபோது சர்க்கரை இறங்கவில்லை. ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்கள் இறங்கிவிட்டன! அதிலிருந்துதான் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து கிடைத்தது. அதே செடியிலிருந்து வந்த வின்கிரிஸ்டின் இன்றைக்கும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படுகிறது. வாசல் பூவுக்கு அவ்வளவு சக்தி. அந்தச் சக்தியைத்தான் அளவு தெரியாமல், சர்க்கரைக்கு என்று, டம்ளர் டம்ளராகக் குடிக்கிறோம்.

மாத்திரைக் கட்சிக்காரர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். அரசாங்க கிளினிக்கில் இனிப்பு நீருக்குக் கொடுக்கிற மெட்ஃபார்மின் மாத்திரைக்கும் பாட்டி ஒரு செடிதான். ஐரோப்பாவில் கலேகா என்று ஒரு செடி உண்டு. அதில் சர்க்கரையை இறக்கும் சத்து இருக்கிறது, கூடவே விஷமும் இருக்கிறது. அந்த வழியில் தேடிப்போய்ச் செய்த மருந்தை 1957இல் பிரான்சில் ழான் ஸ்டெர்ன் என்ற டாக்டர் நோயாளிகளுக்குக் கொடுத்துக் காட்டினார். செடியை மதித்தார்கள், அளவையும் கண்டுபிடித்தார்கள்.

நம்முடைய கீழாநெல்லியும் உலகம் சுற்றி வந்ததுதான். 1988இல் சென்னை ஆராய்ச்சியாளர்கள் ஹெப்படைட்டிஸ் பி கிருமி உடம்பிலேயே தங்கிவிட்டவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்துப் பார்த்து, லான்செட் என்ற லண்டன் மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்கள். 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்தது என்றார்கள். நம் எல்லாருக்கும் பெருமையாக இருந்தது. பிறகு மற்ற நாடுகளில் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்தச் சோதனையே ஒரு வகைக் கிருமிக்குத்தான். எலிக்காய்ச்சலால் கண் மஞ்சளாகும், பித்தப்பைக் கல்லால் மஞ்சளாகும், சாராயத்தால் மஞ்சளாகும். எல்லாவற்றுக்கும் ஒரே இலை எப்படிப் பதில் சொல்லும்?

பப்பாளி இலையும் அப்படித்தான். 2013இல் நமது நாட்டிலேயே டெங்கி நோயாளிகளுக்கு அந்தச் சாற்றைக் கொடுத்துப் பார்த்து, ரத்தத் தட்டணுக்கள் ஏறின என்று ஆராய்ச்சி வெளிவந்தது. சரி, ஆனால் டெங்கியில் உயிரை எடுப்பது பெரும்பாலும் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து அழுத்தம் விழுவதுதான். அதைச் சாறு நிறுத்தியதாக யாரும் காட்டவில்லை. சாறு குடித்தோம் என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் வந்தால் ஆஸ்பத்திரிதான்.

தாய்மார்களே, வேம்பைப் பற்றியும் கேளுங்கள். அம்மை கண்ட பிள்ளையை வேப்பிலைப் படுக்கையில் போடுவதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் கைக்குழந்தைக்குச் சளி என்று வேப்பெண்ணெயை உள்ளுக்குக் கொடுக்காதீர்கள். வேப்பெண்ணெய் கொடுக்கப்பட்ட 13 கைக்குழந்தைகள் வாந்தி, மயக்கம், வலிப்பு என்று அவதிப்பட்டதை நம் நாட்டு டாக்டர்கள் 1981இல் அதே லான்செட் பத்திரிகையில் எழுதினார்கள். பெற்ற தாய்மார் பாசத்தோடு கொடுத்த மருந்து அது. கற்பூரவல்லிச் சாறு கொடுக்கிறவர்கள்கூட ஒரு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு அதில் தேன் கலக்கக் கூடாது.

இலையின் மேல் இருப்பது என்ன?

இது மிக முக்கியம். நம் முன்னோர் இலை பறித்த காடு வேறு. நாம் இலை பறிக்கிற இடம் செம்பனை வரிசை. கீழாநெல்லி, குப்பைமேனி, பொன்னாங்கண்ணி எல்லாம் மரத்தடியில் செழிப்பாக முளைக்கிறது. அங்கேதான் களைக்கு மருந்து அடிக்கிறோம். பாராகுவாட் என்ற அந்தக் கொடிய விஷம் நம் தோட்டங்களில் எத்தனை வருஷம் அடிக்கப்பட்டது என்று மருந்து அடித்த அக்காமார்களைக் கேளுங்கள். மூக்கில் ரத்தம், நகம் கழன்றது, கண் எரிச்சல் என்று அவர்கள் உடம்பு எப்போதோ சொன்னது. 2002இல் தடை என்றார்கள், 2006இல் தடையைத் தளர்த்தினார்கள், கடைசியில் 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை வந்தது. இப்போதும் வேறு களைக்கொல்லிகள் அடிக்கப்படுகின்றன. அடித்த மறு நாள் இலை பச்சையாகவே இருக்கும். கழுவினாலும் சில மருந்து இலைக்குள்ளேயே போய்விடும். காமாலைக்கு என்று அதைப் பறித்து அரைத்தால், கெட்டுப்போன ஈரலுக்கு நாமே விஷம் வார்க்கிறோம்.

ஆகையால் வரிசையில் பறிக்காதீர்கள். வீட்டுப் பின்புறம் நாலு தொட்டியில் வையுங்கள். துளசி, கற்பூரவல்லி, இஞ்சி, மஞ்சள், கருவேப்பிலை, வல்லாரை போதும். பழைய மருந்து டின்னில் மட்டும் நடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

வாசலுக்கு வந்து விற்கிற பொட்டலங்களிலும் ஜாக்கிரதை. மூலிகை என்று சொல்லி ஸ்டீராய்டு கலந்து விற்கிறார்கள். இரண்டு நாளில் மூட்டு வலி பறந்துவிடும், ஆறு மாதத்தில் முகம் ஊதிவிடும். நம் நாட்டில் பதிவான பாரம்பரிய மருந்துக்கு ‘மால்’ என்று தொடங்கி ‘டி’ என்று முடியும் எண் இருக்கும். அது இல்லாவிட்டால் வாங்காதீர்கள். சித்த வைத்தியரிடம் போக விரும்புகிறவர்கள் தாராளமாகப் போங்கள். 2016இல் பாரம்பரிய வைத்தியத்துக்கென்றே சட்டம் வந்திருக்கிறது. பதிவு செய்தவரா என்று கேட்பது உங்கள் உரிமை.

கேட்க நேரம் வேண்டும்

"டிரஸர் ஐயா, ஒடம்பு சொல்றதக் கேளுன்னு நீங்க லேசாச் சொல்லிட்டீங்க. கேட்டுக்கிட்டு ஒக்காந்தா குலைய யாரு வெட்டுறது?" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. டன் கணக்கில் கூலி வாங்குகிறவன் தன் கெண்டைக்கால் வலியைக் கேட்காமல் இருப்பது அறியாமை ஆகாது. வயிற்றுப்பாடு. உடம்பின் பேச்சைக் கேட்பதற்கும் ஒரு நாள் சம்பளம் வேண்டும். அது தர்மம் கேட்பது இல்லை, சட்டம். இரண்டு வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருஷத்தில் 14 நாள், இரண்டு முதல் ஐந்து வருஷம் வரை 18 நாள், ஐந்துக்கு மேல் 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் படுத்தால் 60 நாள். டாக்டர் சீட்டு வேண்டும், 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குச் சொல்லிவிட வேண்டும். பலர் இதைத் தெரியாமலேயே நாளை இழக்கிறார்கள்.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்கும் இதே சொல்கிறேன். 2019இல் அரசாங்கம் எடுத்த நாடளாவிய சுகாதாரக் கணக்கில், பெரியவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு இந்த நோய். இந்தியர்களை மட்டும் எடுத்தால் நூற்றுக்கு 31 பேர். மூன்று வீட்டு வாசலைத் தட்டினால் ஒரு வீட்டில் நோய் எழுந்து வரும் என்ற நிலைமை. பாகற்காய் சாப்பிடுங்கள், நல்லது. மாத்திரையோடு சேர்த்துச் சாறாகவும் குடித்தால் கிளினிக்கில் சொல்லிவிடுங்கள். சர்க்கரை அளவுக்கு மேல் இறங்கிக் கை நடுங்கும், வியர்க்கும். மரத்துப்போன காலுக்குச் சூடான ஒத்தடம் மட்டும் வேண்டாம். சூடு தெரியாமல் வெந்த கால்களை நான் கட்டியிருக்கிறேன். சில கால்கள் என்னிடமிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், முழுதாகத் திரும்பி வரவில்லை.

முடிவாக என் கருத்து இதுதான். பச்சிலைக்கும் மாத்திரைக்கும் சண்டை மூட்டுகிறவர்கள் நோயாளியை நடுவில் விட்டுவிடுகிறார்கள். முதலில் உடம்பைப் பாருங்கள், எட்டு வகையாகப் பாருங்கள். சின்னச் சளி, அஜீரணம், அலுப்புக்குப் பாட்டி மருந்து போதும். இரண்டு நாளில் குறையாவிட்டால், அல்லது மேலே சொன்ன ஆபத்துக் குறி ஒன்று தெரிந்தால், குடித்த இலையின் பெயரையும் சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். மறைக்காதீர்கள்.

எங்களைப் போன்ற டிரஸர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். ஏசாதீர்கள். "என்ன இலை குடிச்சீங்க, எத்தனை நாளாச்சு, எங்க பறிச்சீங்க?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். சங்கத் தோழர்களும் கமிட்டிக் கூட்டத்தில் இரண்டு விஷயம் கேட்கலாம். எந்த வரிசையில் எந்த நாளில் மருந்து அடிக்கிறார்கள் என்று பிரட்டுக் களத்தில் தமிழிலும் எழுதி ஒட்ட வேண்டும். லயத்துப் பக்கம் மருந்து படாத ஒரு துண்டு நிலம் மூலிகைக்கும் கீரைக்கும் விட வேண்டும். பெரிய செலவு ஒன்றுமில்லை.

என் ஆஸ்பத்திரிக் கதவு இப்போதெல்லாம் இலை பூசிக்கொண்டு வருகிறவர்களுக்கும் திறந்தே இருக்கிறது. அந்த அண்ணனின் சம்சாரம் போன வாரம் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "கற்பூரவல்லி குடுத்தேன் தம்பி, தேன் போடல" என்றார். பிள்ளையின் நாக்கைப் பார்த்தேன், கண்ணைப் பார்த்தேன், மார்பில் காது வைத்துக் கேட்டேன். சாதாரணச் சளிதான். "இதே போதும்மா, ரெண்டு நாள் பாத்துட்டுக் கொண்டாங்க" என்று அனுப்பினேன்.